அம்பானி வீட்டில் எத்தனை மாடி என்று தெரியும், பக்கத்து சீட்காரர் சம்பளம் தெரியாது

வைகை_மீன்
9 நவம்பர் 2025, இரவு 9.12

இன்று காலை முடிவெட்டப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சில் எனக்கு முன்னால் நாலு பேர். சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எலான் மஸ்க்குக்கு ஒரு டிரில்லியன் டாலர் மதிப்பு வரைக்கும் பங்கு கொடுக்க டெஸ்லா பங்குதாரர்கள் 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டுச் சம்மதித்த செய்தி. வியாழக்கிழமை முடிந்த கதை, இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். சவரம் செய்துகொண்டிருந்த அண்ணன் கத்தியைக் காற்றில் நிறுத்திவிட்டு, "நம்ம காசுல எவ்வளவு சார்?" என்றார். நாற்காலியில் பாதி முகம் நுரையோடு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் அவசரமில்லை, அவரும் என்னைத்தான் பார்க்கிறார்.

போனில் கால்குலேட்டரைத் திறந்து பெருக்கினேன். சுழியெல்லாம் இடம் போதாமல் நடுவில் 'ஈ' என்று ஒரு எழுத்து வந்து நின்றுவிட்டது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சுமார் 88 லட்சம் கோடி ரூபாய்.

கடையே சிரித்தது. பெஞ்சில் இருந்த ஒருத்தர், "ஆம்பளைன்னா அவன்தான்யா" என்றார். அடுத்த இரண்டாவது நிமிஷம் அதே ஆள், போன மாதம் புதுக் கார் எடுத்த தன் சகலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முகமே மாறிப்போச்சு. "கடன்ல எடுத்திருக்கான், எத்தனை நாளைக்கு ஓட்டுறான்னு பாப்போம்." 88 லட்சம் கோடிக்குச் சிரிப்பு, 14 லட்சத்துக்கு வயிற்றெரிச்சல்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மும்பை அல்டமவுண்ட் ரோட்டில் ஆன்டிலியா வீட்டுக்கு 27 மாடி என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் மாதம் என்ன வாங்குகிறார் என்று தெரியாது. கேட்டால் சண்டை வரும்.

ஏன் இப்படி? நமக்கு அந்தத் தொகை உண்மையிலேயே புரிகிறதா?

சும்மா_வாசகன்
9 நவம்பர் 2025, இரவு 9.30

சகலை என்ன கார் எடுத்தார் என்று சொல்லவில்லையே. அதுதானே முக்கியம்.

பழைய_கேஷியர்
9 நவம்பர் 2025, இரவு 10.05

தம்பி, புரியாது. 34 வருஷம் நோட்டு எண்ணின எனக்கே புரியாது.

எனக்கு ஒரு கோடி எப்படி இருக்கும் என்று தெரியும். 500 ரூபாய் நோட்டு நூறு சேர்ந்தால் ஒரு கட்டு, 50,000. பத்துக் கட்டு ஒரு பண்டல், 5 லட்சம். இருபது பண்டல் வைத்தால் ஒரு கோடி. பெரிய சூட்கேஸில் அடங்கும், ஒரு ஆள் முக்கித் தூக்கலாம், இருபது கிலோவுக்கு மேல் வரும். பத்துக் கோடியையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு வெறும் எழுத்துதான்.

2016 நவம்பர் 8 ராத்திரி, பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 30 வரைக்கும் நாங்கள் வீட்டுக்குப் போனது தூங்க மட்டும்தான். பழைய ஆயிரம், பழைய ஐந்நூறு, மடித்தது, மஞ்சள் பூசினது, அரிசிப் பானையில் இருந்து வந்தது, எல்லாம் எண்ணினோம். மெஷின் சூடாகி நின்றுவிடும், கையால் எண்ணுவோம். கட்டை விரல் நுனியில் ரேகையே போய்விட்டது, பயோமெட்ரிக்கில் விரல் வைத்தால் எடுக்காது. நாடு முழுக்க எல்லா வங்கியிலும் லட்சக்கணக்கான பேர் இப்படி உட்கார்ந்து எண்ணினோமே, அந்த மொத்தம் 15 லட்சம் கோடிச் சொச்சம்.

2024 ஃபோர்ப்ஸ் பட்டியலில் முகேஷ் அம்பானிக்குப் போட்டிருந்த தொகை 11,600 கோடி டாலர். அன்றைய விலைக்கு ஒன்பதரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதாவது நாங்கள் நாடே சேர்ந்து எண்ணினதில் பத்துக்கு ஆறு பங்கு ஒரே ஆள் பெயரில். இதை எழுதும்போதே எனக்கு விரல் வலிக்கிறது.

திண்டுக்கல்_டீச்சர்
9 நவம்பர் 2025, இரவு 10.41

வைகை, நான் இதை வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். ஏழாம் வகுப்பு.

முதலில் நேரத்தை வைத்துச் சொன்னேன். ஒரு லட்சம் விநாடி என்றால் ஒரு நாளும் மூன்றே முக்கால் மணி நேரமும். ஒரு கோடி விநாடி நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. நூறு கோடி, அதாவது ஒரு பில்லியன் விநாடி, 31 வருஷம் 8 மாதம். ஒரு லட்சம் கோடி விநாடி பின்னால் போனால் 31,700 வருஷம். "அப்ப டைனோசர் இருக்குமா டீச்சர்?" என்று கேட்டான் ஒருத்தன். இல்லைடா, அதற்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும் என்றேன். பாடம் அங்கேயே டைனோசர் பக்கம் போய்விட்டது.

மறுநாள் ஸ்கேலை வைத்து ஆரம்பித்தேன். ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு மில்லிமீட்டர். ஒரு கோடிக்கு 10 சென்டிமீட்டர். நூறு கோடிக்கு 10 மீட்டர், எங்கள் வராந்தாவின் கால்வாசி. ஒரு லட்சம் கோடிக்கு 10 கிலோமீட்டர். கேஷியர் ஐயா அம்பானிக்குச் சொன்ன தொகைக்கு 96 கிலோமீட்டர், கிட்டத்தட்ட எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்து திருச்சி. மஸ்க் கணக்கை இப்போதுதான் போடுகிறேன். போன மாதம் 50,000 கோடி டாலரைத் தொட்டாரே, அது 440 கிலோமீட்டர், சென்னை வந்து கடலே வந்துவிடுகிறது. இந்த டிரில்லியன் முழுசாகக் கிடைத்தால் ஏறத்தாழ விஜயவாடா.

அன்றைக்கு முன் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கி, "எங்க வீடு எங்க டீச்சர் வரும்?" என்று கேட்டாள். அப்பா லோன் போட்டுக் கட்டின வீடு, 20 லட்சம் என்றாள். அவள் ஸ்கேலிலேயே காட்டினேன். 2 சென்டிமீட்டர். அவள் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அந்த ஸ்கேலை வருஷம் முழுக்க வைத்திருந்தாள்.

ஜெயிச்சுக்காட்டு_97
9 நவம்பர் 2025, இரவு 11.20

எல்லாரும் வயிறு எரியுறீங்கன்னு நல்லா தெரியுது. சும்மா உக்காந்து கணக்கு போடுறதுக்கு பதிலா அவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. 2016 செப்டம்பர் 5 ஜியோ வந்துச்சு. அதுக்கு முன்னாடி 1 ஜிபி-ஐ ஒரு மாசம் பாத்துப் பாத்து யூஸ் பண்ணவங்கதான நாம எல்லாரும்? இந்த இழையே அம்பானி போட்ட டேட்டாவுல ஓடுது. மஸ்க் மாடல் 3 கார் தயாரிக்கத் திணறினப்ப ஃபேக்டரியிலயே படுத்துத் தூங்கினவர். காலைல 4 மணிக்கு எந்திரிச்சு ஓடுங்க, உங்களுக்கும் வரும்.

மல்லிப்பூ_தையலகம்
10 நவம்பர் 2025, காலை 7.15

தம்பி, எங்க அம்மா மதுரை பூ மார்க்கெட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போவாங்க. முப்பது வருஷம். நாலு மணிக்கு எந்திரிச்சா லேட்டு, நல்ல பூ போயிரும். அது கிடக்கட்டும்.

நான் அம்பானி வீட்டுக் கல்யாண வீடியோ ஒண்ணு விடாம பார்த்தேன். பணத்துக்காக இல்ல, பிளவுஸுக்காக. 2024 ஜூலை 12 கல்யாணம். ஆவணி முகூர்த்தம் பொறந்ததும் என் கடைக்கு வந்த பொண்ணுங்க பத்துல நாலு பேரு போன்ல அந்த வீட்டு போட்டோவ வெச்சுத்தான் வந்தாங்க. "அக்கா இதே மாதிரி ஆரி ஒர்க், ஆனா 2,500க்குள்ள." அவங்க போட்டது நெஜத் தங்க ஜரிகை, நெஜக் கல்லு. நான் அதுல இருக்குற கொடி வளைவ மட்டும் எடுத்து, ஜர்தோசி கம்பியும் கண்ணாடி மணியும் வெச்சு, கழுத்துக்கு மட்டும் நெருக்கமா, முதுகுக்கு எடம் விட்டு எடம் போட்டுக் குடுத்தேன். பத்தடி தள்ளி நின்னா ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த ஆவணியில எனக்கு நல்ல வருமானம். அதனால எனக்கு அவங்க மேல கோவம் இல்ல, பொய் சொல்ல மாட்டேன்.

சகலை காருக்கு ஏன் எரியுதுன்னு கேட்டீங்க. சகலை கார நம்ம வீட்டம்மா பாக்கும். அதான்.

வைகை_மீன்
10 நவம்பர் 2025, காலை 8.02

கடைசி வரிக்கு இந்த இழையையே மூடிவிடலாம். சிரித்து டீ கொட்டிவிட்டது.

ஆனால் அக்கா, அந்த வீட்டுக்காரர்களே ஒருத்தரை ஒருத்தர் வேடிக்கை பார்க்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மார்ச் மாதம் ஜாம்நகரில் நடந்த கொண்டாட்டத்தில் ஜுக்கர்பெர்க்கின் மனைவி, மாப்பிள்ளை கையில் இருந்த வாட்சைப் பார்த்து வாய் பிளந்த வீடியோ வந்ததே. உலகத்திலேயே முதல் நாலைந்து பணக்காரர்களில் ஒருத்தர் வீட்டு அம்மா அவர். சலூன் பெஞ்சுக்கும் அதற்கும் அந்த நிமிஷத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கணக்குப்புலி
10 நவம்பர் 2025, காலை 10.30

கேஷியர் ஐயா, டீச்சர், இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு. ஆனால் அடிப்படையில் ஒரு தப்பு நடக்கிறது. யாரும் அந்தப் பணத்தைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. 2024 மார்ச் கடைசியில் நாட்டில் புழங்கிய மொத்த நோட்டே சுமார் 35 லட்சம் கோடிதான். அதில் நாலில் ஒரு பங்கையா ஒருத்தர் பீரோவில் பூட்டுவார்?

நம் தெருவில் ஒருத்தர் காலி மனையை சென்ட் 10 லட்சத்துக்கு விற்றார் என்று வையுங்கள். அன்று சாயங்காலமே தெருவில் எல்லாரும் மனதுக்குள் தன் மனையைப் பெருக்கிப் பார்ப்பார்கள். ஐந்து சென்ட் வைத்திருக்கிற தாத்தா அரைக் கோடிக்காரர். அவர் கையில் ரேஷன் பை மட்டும்தான் இருக்கிறது, ஆனால் கணக்குப்படி அரைக் கோடி. மறுநாள் தெருவே சேர்ந்து 'விற்பனைக்கு' போர்டு வைத்தால் அந்த 10 லட்சம் நிற்குமா? பில்லியனர் பட்டியல் முழுக்க இந்தக் கணக்குத்தான். அன்றைய பங்கு விலை, கையில் இருக்கிற பங்கு, பெருக்கு.

ரிலையன்ஸில் ஏறத்தாழ பாதிப் பங்கு அம்பானி குடும்பத் தரப்பிடம். முகேஷ் அம்பானி 2008-09 முதல் தன் சம்பளத்தை 15 கோடிக்கு மேல் போகாமல் வைத்திருந்தார், 2020-21 முதல் சம்பளமே எடுக்கவில்லை. இதைச் சொன்னால் 'ஐயோ எவ்வளவு எளிமை' என்பார்கள். 2023-24க்கு அந்த கம்பெனி பங்குக்கு 10 ரூபாய் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் பங்கு, கொடுத்தது, குடும்பத் தரப்புக்கு மட்டும் மூவாயிரம் கோடிக்கு மேல். சம்பளம் என்பது நமக்கான சொல். அவர்கள் உலகத்தில் அது கணக்கிலேயே வராது.

காகிதக் கணக்கு எப்படிக் கரையும் என்பதற்கு ஒரு கேஸ்: தெரனாஸ் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனியைத் தொடங்கிய எலிசபெத் ஹோம்ஸ். 2015இல் அவர் சொத்து 450 கோடி டாலர் என்று போட்டது ஃபோர்ப்ஸ். 2016 ஜூனில் அதே ஃபோர்ப்ஸ் அதைச் சுழி ஆக்கியது. நடுவில் ஒரு நோட்டுகூடக் கை மாறவில்லை. மஸ்க்கே 2021 நவம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் நடுவில் சுமார் 18,200 கோடி டாலர் இழந்து, அதற்கும் ஒரு கின்னஸ் சாதனை வாங்கினார்.

திண்டுக்கல்_டீச்சர்
10 நவம்பர் 2025, மாலை 5.50

புலி சார், 'வெறும் காகிதம்' என்று எப்போதும் சொல்கிறீர்கள். அந்தத் தாத்தாவின் மனையை வைத்து பேங்க் கடன் கொடுக்குமா கொடுக்காதா?

கணக்குப்புலி
10 நவம்பர் 2025, மாலை 6.15

கொடுக்கும். சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பாதியை நான் சொல்லாமல் விட்டேன்.

பங்கை விற்றால்தான் லாபத்துக்கு வரி. அடமானம் வைத்துக் கடன் வாங்கினால் கடன் வருமானம் ஆகாது, வரி இல்லை. விலை ஏறிக்கொண்டே இருந்தால் பழைய கடனைப் புதுக் கடனால் அடைக்கலாம். அமெரிக்காவில் ஆள் இறந்து வாரிசுக்குப் போகும்போது பங்கின் அடக்க விலையே அன்றைய விலையாக மாறிவிடும், அதுவரை ஏறின லாபத்துக்கு வருமான வரி யாரும் கட்ட வேண்டாம். மஸ்க் டெஸ்லா பங்கில் ஒரு பகுதியை அடமானம் வைத்திருப்பது கம்பெனி அறிக்கையிலேயே வருகிறது. 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். டெஸ்லா பங்கை விற்றார், கூட்டாளிகளைச் சேர்த்தார், பேங்க் கடனை ட்விட்டர் தலையிலேயே கட்டினார். 'காகிதம்' ஒரு நிஜக் கம்பெனியை வாங்கியது.

அதனால் டீச்சர், உங்கள் 96 கிலோமீட்டரை நான் பணம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை பேர் வேலையை, எத்தனை ஊர் நிலத்தை, எந்தச் செய்தி மேலே வரும் என்பதை ஒருத்தர் முடிவு செய்யலாம் என்பதன் நீளம் என்று எடுத்துக்கொள்வேன். அது பணத்தைவிடப் பெரிய விஷயம். நம் பட்டியல் மோகம் அதைப் பார்ப்பதே இல்லை, வாட்சைப் பார்க்கிறது.

வடமராட்சியான்
10 நவம்பர் 2025, இரவு 8.25

அண்ணைமார், நான் இஞ்ச வாசிக்கிறதுதான், எழுதுறது குறைவு. ஒரு கணக்கு எனக்கும் இருக்கு.

2022 சித்திரை (ஏப்ரல்) 12ஆம் திகதி எங்கட இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு கையை விரிச்சது. நிண்ட கடன் 5,100 கோடி டொலர். அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெல்லியடியில பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால மோட்டச் சைக்கிளை வரிசையில விட்டிட்டு ரெண்டு இரவு அதுக்குப் பக்கத்திலயே படுத்தனான். எனக்கு முன்னுக்கு நிண்டவர் ஒரு கடற்றொழிலாளி, மண்ணெண்ணெய் கானோட வந்து பெற்றோல் வரிசையில நிண்டு போட்டார், ஆருக்கும் எது வருது எண்டு தெரியாது. ஆடியிலதான் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. அடுத்த வருசம் பங்குனியில ஐ.எம்.எஃப். 300 கோடி டொலர் தர ஒத்துக்கொண்டது, அதுவும் நாலு வருசத்தில பகுதி பகுதியா. முதல் காசு 33 கோடி டொலர் வந்தண்டு கொழும்பில வெடி கொளுத்தினவை.

இந்த வருசம் செப்டெம்பர் 10ஆம் திகதி ஒறக்கிள் கம்பெனிப் பங்கு ஒரே நாளில 36 சதவீதம் ஏறினது. அந்தக் கம்பெனியைத் தொடங்கின லாரி எலிசனுக்கு அண்டைக்கு மட்டும் கூடினது ஏறக்குறைய 9,000 கோடி டொலர். ஒரு நாள். அந்தாள் அண்டைக்குப் பல்லு விளக்கிச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

புலி அண்ணை சொல்லுவார் அது காகிதம் எண்டு. சரி, எங்கட கடனும் காகிதம்தானே அண்ணை? எங்கட காகிதத்துக்கு நாங்கள் ரோட்டில படுத்தனாங்கள்.

கணக்குப்புலி
10 நவம்பர் 2025, இரவு 8.40

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஜெயிச்சுக்காட்டு_97
10 நவம்பர் 2025, இரவு 9.02

வடமராட்சி அண்ணா, அது உங்க கவர்மெண்ட் பண்ண தப்பு, எலிசன் என்ன பண்ணுவார்?

வடமராட்சியான்
10 நவம்பர் 2025, இரவு 9.10

எலிசன் பிழை விட்டவர் எண்டு நான் சொல்லேல்லையே தம்பி. ரெண்டு எண்ணையும் பக்கத்தில வச்சனான், அவ்வளவுதான்.

நூலகப்_பூச்சி
11 நவம்பர் 2025, காலை 11.00

பட்டியலைப் பற்றி ஒரு பழைய கதை. இதை எங்கேயாவது எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஃபோர்ப்ஸ் அமெரிக்காவின் 400 பணக்காரர்கள் பட்டியலை முதலில் போட்டது 1982இல். அன்றைக்கு அதில் பில்லியனர்கள் 13 பேர்தான். 1987இல் உலகப் பட்டியல் தொடங்கியபோது 140 பேர், முதலிடம் ஜப்பானின் யோஷியாகி ட்சுட்சுமி. இந்த வருஷம் 3,028 பேர்.

இதில் 1984ஆம் வருஷம் எனக்குப் பிடித்தது. அந்த வருஷம் இரண்டு பேர் இரண்டு காரியம் செய்தார்கள். ஒருத்தர் டொனால்ட் டிரம்ப். 'ஜான் பாரன்' என்ற பெயரில், டிரம்பின் அதிகாரி பேசுவதாகச் சொல்லி, ஃபோர்ப்ஸ் நிருபருக்குத் தானே போன் செய்து, தன் சொத்தைக் கூட்டிப் போடச் சொன்னார். அந்த நிருபர், ஜோனாதன் கிரீன்பர்க், பதிவு செய்து வைத்திருந்த டேப்பை 2018இல் வெளியிட்டார்.

இன்னொருத்தர் சக் ஃபீனி. விமான நிலையங்களில் வரியில்லாக் கடை நடத்தி வளர்ந்தவர். அதே 1984இல் தன் பங்கு முழுவதையும் யாருக்கும் சொல்லாமல் ஒரு அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கூட்டாளிகளுக்கே தெரியாது. 1988இல் ஃபோர்ப்ஸ் அவரைக் கண்டுபிடித்துப் பெரும் பணக்காரர் வரிசையில் சேர்த்தது. அவர் கையில் அப்போது அது இல்லை! வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் கொடுத்தது வெளியே தெரிந்துவிடும். மொத்தம் 800 கோடி டாலர் கொடுத்து முடித்து 2020இல் அறக்கட்டளையை மூடினார், 2023இல் இறந்தார். கடைசிக் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை வீடு, கையில் பிளாஸ்டிக் வாட்ச்.

சும்மா_வாசகன்
11 நவம்பர் 2025, காலை 11.20

ஒருத்தர் இல்லாததை இருக்குன்னு சொல்லி உள்ளே வந்தார், ஒருத்தர் கொடுத்ததைச் சொல்லாம உள்ளே மாட்டினார். நம்ம ரேஷன் கார்டு கணக்கெடுப்பு மாதிரியே இருக்கு.

ஆத்தங்குடிக்காரன்
11 நவம்பர் 2025, பிற்பகல் 3.35

காகிதம், காகிதம் என்று பேசுகிறீர்கள். எங்கள் வீட்டுப் பரணில் நிஜமாகவே இருக்கிறது.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன செட்டியார் முதலாளி ஒருத்தரிடம் பெட்டியடிப் பையனாக, கடையில் கடைசி வேலையாளாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த இடமான அடுத்தாள் வரைக்கும் வந்தவர். வட்டிக்கடை. நெல் விளைவிக்கிற குடியானவனுக்குக் கடன், அறுப்பில் வசூல். 1930இல் நெல் விலை விழுந்ததும் யாராலும் கடன் கட்ட முடியவில்லை, நிலம் நிலமாக வந்து சேர்ந்தது. 1930கள் முடிகிறபோது கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கையில். ஐயா சொல்வார், அவர்கள் கேட்டது நிலம் இல்லை, வட்டிதான், நிலம் வந்தது கஷ்டகாலம் என்று. பர்மாக்காரர்கள் அப்படிப் பார்க்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

அந்தக் காலத்தில் இங்கே நம் ஜனங்கள் இதே போல் வாய் பிளந்துதான் பார்த்தார்கள். பர்மாத் தேக்கு எத்தனை தூண், வாசல் தொடங்கிப் பின்கட்டு போய் முடிய எத்தனை நிலை, கல்யாணத்துக்கு எத்தனை பந்தி. சேதி சொல்ல டி.வி. இல்லை, சமையல்காரர்கள் இருந்தார்கள்.

1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஐயா அசாம் வழியாக நடந்தே வந்தார். கையோடு கொண்டு வந்தது ஒரு தகரப்பெட்டி. உள்ளே நிலப் பத்திரங்கள், பர்மிய எழுத்தில். முதலாளி வீட்டிலும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, வாங்கி என்ன செய்ய? இன்றைக்கும் பரணில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கித் தூசி தட்டுவோம். ஒரு எழுத்துக்கூட யாருக்கும் படிக்கத் தெரியாது. முதலாளி வீட்டு வளவு இப்போது சினிமா ஷூட்டிங்குக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள்.

பழைய_கேஷியர்
11 நவம்பர் 2025, மாலை 4.10

அந்தப் பத்திரத்தைக் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பிலை போடுங்கள்.

மேலமாசிவீதி_மாமா
11 நவம்பர் 2025, இரவு 7.45

அவ்வளவு பெரிய தொகைக்குக் கோபம் வராமல் சிரிப்பு வருகிறதே, ஏன் இப்படி என்று வைகை கேட்டதற்கு நான் வருகிறேன். நமக்குக் கோபம் வரும், ஆள் பார்த்து வரும். 1995 செப்டம்பர் 7 சென்னையில் முதல்வரின் வளர்ப்பு மகன் கல்யாணம். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் விருந்து என்று கின்னஸில் ஏறியது. அதையும் வாய் பிளந்துதான் பார்த்தோம், நானே பந்தல் பார்க்க பஸ் ஏறிப் போனேன். அடுத்த வருஷம் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 4 சீட். முதல்வரே பர்கூரில் தோற்றார். அரசியல்வாதி கல்யாணம் என்றால் 'நம் காசு' என்று தோன்றிவிட்டது. வியாபாரி கல்யாணம் என்றால் 'அவன் காசு'. நான் ரீசார்ஜ் பண்ணுவதும் பெட்ரோல் போடுவதும் யார் காசு? இப்போது இருக்கிற கட்சிகளை எடுத்துக்கொண்டால்

நெறியாளர்
11 நவம்பர் 2025, இரவு 7.58

மாமாவின் பதிவில் கடைசி மூன்று பத்தி நீக்கப்பட்டது. 95, 96 சரித்திரம், இருக்கட்டும். இன்றைய கட்சிப் பேச்சுக்கு வேறு பகுதி இருக்கிறது.

மேலமாசிவீதி_மாமா
11 நவம்பர் 2025, இரவு 8.01

மூன்றாவது பத்திதான் நன்றாக இருந்தது.

மல்லிப்பூ_தையலகம்
11 நவம்பர் 2025, இரவு 8.30

மாமா சொல்றதுல பாதி எனக்குச் சரின்னு படுது. ஆனா பெட்ரோல் போடும்போது யாரு கல்யாணத்த நினைப்பா? வண்டி ஓடுதான்னுதான் பாப்போம்.

திண்டுக்கல்_டீச்சர்
11 நவம்பர் 2025, இரவு 9.05

ஒரு யோசனை. மூன்று நாளாக அம்பானி, மஸ்க், எலிசன், பர்மா முதலாளி என்று எல்லார் காசையும் பைசா சுத்தமாக எண்ணிவிட்டோம். இங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாது. அவரவர் கைக்கு வருகிற மாச வருமானத்தை ஒரு வரியில் எழுதுவோமா? வைகை, இழை ஆரம்பித்தவர் நீங்கள், நீங்களே தொடங்குங்கள்.

வைகை_மீன்
11 நவம்பர் 2025, இரவு 9.40

டீச்சர், என் பக்கத்து சீட்காரர் இந்தத் தளத்தில்தான் இருக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கணக்குப்புலி
11 நவம்பர் 2025, இரவு 9.44

இந்த மாதம் ஆடிட் வேலை அதிகம். அப்புறம் வருகிறேன்.

ஜெயிச்சுக்காட்டு_97
11 நவம்பர் 2025, இரவு 9.51

இப்போதைக்கு வேலை தேடிட்டு இருக்கேன் டீச்சர்.

மல்லிப்பூ_தையலகம்
11 நவம்பர் 2025, இரவு 9.58

தம்பி, எந்த ஊரு? தனிச் செய்தியில சொல்லு. கடைக்கு ஆர்டர் எடுக்க, ரீல்ஸ் போட ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்.

பழைய_கேஷியர்
11 நவம்பர் 2025, இரவு 10.20

நான் எழுதுகிறேன். பென்ஷன் கைக்கு 38,640. இப்போது டீச்சர் எழுதட்டும்.

சும்மா_வாசகன்
12 நவம்பர் 2025, காலை 6.30

டீச்சர்?